வாசல் சிரிப்பு

புனிதா சிரித்தால் சேலை விற்றுவிடும் என்று மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. சும்மா வாய்ப்பேச்சு இல்லை, கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தீபாவளி நெருங்கும் வாரத்தில், வெளியூரிலிருந்து வந்து நாலு கடை ஏறி இறங்கி, கால் வலியும் கடுகடுப்புமாக நிற்கும் குடும்பத்துக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவாள். "உக்காருங்கக்கா, சேலை எங்கயும் ஓடிப்போயிடாது லா" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். புனிதா வேலைக்குச் சேர்ந்த பிறகு தன் ஜவுளிக்கடைக்கு விளம்பரம் என்று தனியாக ஒன்றும் செய்ததில்லை என்று முதலாளி அய்யூப் பாயே வேடிக்கையாகச் சொல்வார்.

அவள் பெரிய அழகி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஐம்பதைத் தாண்டிய, கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. வாராவாரம் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய முடி. ஆனால் அந்தச் சிரிப்பு கன்னத்தில் தொடங்கிக் கண்வரைக்கும் ஏறும். எதிரே நிற்பவருக்குத் தன்னைப் பார்த்ததில்தான் இவளுக்கு இவ்வளவு சந்தோஷம் என்று தோன்றிவிடும். பாவம், அவருக்குப் பின்னால் வருகிறவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வாரத்தில் ஆறு நாள் கடைக்கு. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் வருவாள். ஏழாம் நாள் அதே சிரிப்பு சபைக்கு. கிள்ளான் டவுனை ஒட்டிய அந்தத் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். வருகிறவர்கள் கையில் அன்றைய ஆராதனை முறை அச்சடித்த தாளைக் கொடுத்து, கைகூப்பி, ஸ்தோத்திரம் சொல்லி உள்ளே அனுப்புவாள். "புனிதா சிஸ்டர் மூஞ்சியப் பாத்தாலே ஆண்டவரப் பாத்த மாதிரி இருக்கு" என்று வயதான பெண்கள் சொல்வார்கள். புனிதா அடக்கமாக மறுப்பாள். மறுத்துக்கொண்டே அதை நம்பவும் நம்பினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வாராவாரம் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

இந்த ஸ்தோத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் சபைகளில் இந்தச் சொல் செய்யாத வேலை இல்லை. வணக்கமும் அதுதான், நலமா என்று விசாரிப்பதும் அதுதான், உன் நலத்தைக் கேட்க எனக்கு நேரமில்லை என்பதும் அதுதான். பேச்சுவார்த்தை அறுந்துபோன இரண்டு பேர் கைகூப்பி "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் பாட்டுப் பாடலாம். பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. சில சமயம் அந்த இரண்டு பேருக்கே சந்தேகம் வராது.

புனிதாவுக்கும் அமுதவள்ளிக்கும் நடுவே இருந்தது அந்த மாதிரி ஸ்தோத்திரம்தான்.

அமுதவள்ளி புனிதாவின் நாத்தனார். இறந்துபோன கணவன் ராஜனுக்கு ஒரே அக்கா. பண்டமாரானில், துறைமுகத்துக்கு லோரி ஓட்டும் மகனோடு குடியிருப்பவள். ஒல்லியான உடம்பு, எப்போதும் எதையோ யோசித்து நெரிந்த புருவம். மனதில் இருப்பது அப்படியே வாய்க்கு வந்துவிடும், நடுவில் வடிகட்டி கிடையாது. அவள் சபைப் படியேறும்போது புனிதா அன்றைய சிரிப்புகளிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். "ஸ்தோத்திரம் அண்ணி." அமுதவள்ளி "ஸ்தோத்திரம்" என்று தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இப்படி ஒன்பது வருடம்.

அந்த ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. ராஜன் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். மறுநாள் வீட்டு ஹாலில் பெட்டி. புனிதா கண் மூடவில்லை, ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எதுவும் மண்டையில் ஏறாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அய்யூப் பாய் கடை ஆட்களோடு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் புனிதாவின் முகம் தன்பாட்டுக்கு மலர்ந்தது. "வாங்க பாய்" என்றாள். கடை வாசலில் நின்று நின்று பழகிப்போன முகம். அதற்குச் சாவு வீடும் தெரியவில்லை, தன் வீடும் தெரியவில்லை.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அமுதவள்ளி அதைப் பார்த்துவிட்டாள். "பாத்தீங்களா, புருசன் பொட்டியில கெடக்குறான், இவளுக்குச் சிரிப்பு வருது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் அல்ல.

புனிதா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் ஒரு சண்டை வந்திருக்கும். சண்டை வந்திருந்தால் யாராவது சமாதானம் பேசி, ஒருநாள் தீர்ந்தும் போயிருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டாள். அடக்கம் முடிந்து அடுத்த ஞாயிறே போய் வாசலில் நின்றாள். அமுதவள்ளி படியேறி வந்தபோது அவள் முகத்துக்கு நேரே முழுச் சிரிப்பையும் சிரித்தாள். என் சிரிப்புதானே உனக்குக் கண்ணைக் குத்தியது, இந்தா வைத்துக்கொள். பழிவாங்க அரிவாள்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் இதைப் பழி என்று புனிதா ஒருநாளும் நினைத்ததில்லை. தனக்கு அண்ணிமேல் கோபமே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தால் சிரிக்க முடியுமா?

போன பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வாயின் வலது ஓரத்தில் ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தின் வலது பாதி தொங்கிக் கிடந்தது. கண் மூட மறுத்தது. பக்கவாதம் என்று பயந்து பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். சின்ன வயது டாக்டர் ஒருத்தி கையைத் தூக்கச் சொல்லி, காலைத் தூக்கச் சொல்லி, கடைசியில், "எங்க, சிரிங்க பாக்கலாம் ஆன்டி" என்றாள்.

புனிதா சிரித்தாள். இடது பக்கம் மட்டும் மேலே ஏறியது.

"ஸ்ட்ரோக் இல்ல ஆன்டி. மூஞ்சிக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. மருந்து தர்றேன், கண்ணுக்கு டிராப்ஸ் தர்றேன். நெறைய பேருக்கு சில மாசத்துல சரியாயிடும். சில பேருக்குக் கொஞ்சம் கோணல் அப்படியே நின்னுடும். பெலான் பெலான், மெதுவாத்தான் பாக்கணும்" என்றாள் டாக்டர்.

கடையில் அய்யூப் பாய் மனிதர் பதறிப்போனார். "மேல ஸ்டோர்ல உக்காந்து துணி மடிங்கக்கா. கூட்டத்துல நிக்க வேணாம்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். புனிதாவுக்கோ, முகத்தை வெளியே காட்டாதே என்று சொன்னதாகத்தான் பட்டது. கீழே கூட்டச் சத்தம் கேட்க, மேலே தனியாக உட்கார்ந்து துணி மடித்தாள். ஜொகூரிலிருக்கும் மகன் குகன் வீடியோவில் கூப்பிட்டால், கேமரா கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னாள். சபைக்குப் போவதை அடியோடு நிறுத்தினாள். பாதி முகத்தை வைத்துக்கொண்டு யாரை வரவேற்பது?

மூன்று ஞாயிறு காணாமல், போதகர் தம் மனைவியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஜெபம் பண்ணினார், மைலோ குடித்தார். பிறகு, இந்த மாதிரி நேரத்தில் எந்தப் போதகரும் சொல்கிற வசனத்தைத் தம் பேச்சில் சொன்னார். "மனுசங்கதான் சிஸ்டர் மூஞ்சியப் பாப்பாங்க. ஆண்டவர் உள்ளத்தத்தான் பாக்குறாரு. அப்புறம் நீங்க எதுக்குக் கவலப்படணும்?"

ஆறுதலுக்குத்தான் சொன்னார். புனிதாவுக்கு அது பயமாகப் போயிற்று.

அவர்கள் போன பிறகு மைலோக் கோப்பைகளைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆண்டவர் பார்க்கிற இடத்தில் என்ன இருக்கிறது? எத்தனையோ கூட்டத்தில் கேட்ட வசனம்தான். அப்போதெல்லாம் அது மற்றவர்களுக்கு, உள்ளொன்றும் புறமொன்றுமாக நடக்கிறவர்களுக்கு என்றே நினைத்திருந்தாள். இப்போது சோதித்துப் பார்க்க ஒரு பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அமுதவள்ளி. உடனே அந்த ஹால் வந்தது, அந்தப் பெட்டி வந்தது, அந்தக் குரல் வந்தது. கோபம் நேற்று நடந்ததுபோலச் சூடாக எழுந்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில் முகம் முந்திக்கொண்டு சிரித்து, விஷயத்தை மூடிவிடும். இப்போது மூடுவதற்கு ஒன்றும் இல்லை. கர்த்தாவே, இத்தனை வருடமும் இதையா பார்த்துக்கொண்டிருந்தீர் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் எடுக்கும் திருவிருந்து. புனிதா முகக்கவசம் போட்டுக்கொண்டு போனாள். அவள் இடத்தில் சந்திரகலா நின்றிருந்தாள். புனிதாவே பழக்கிவிட்ட பெண். "ஸ்தோத்திரம் ஆன்டி" என்று தாளை நீட்டி, கண்ணில் நட்சத்திரம் மின்னச் சிரித்தாள். புனிதா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் பார்வை பின்னால் வந்த குடும்பத்துக்குப் போய்விட்டது. யாருக்குத் தாள் கொடுத்தோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. புனிதாவுக்குக் கோபம் வரவில்லை. நன்றாகத்தான் பழக்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒருவர், தேய்த்த சட்டை, பெரிய கைகள். வாராவாரம் பார்த்துச் சிரித்த முகம். பெயர் தெரியாது. இப்போது சிரிக்கவும் வழியில்லை. அதனால் கேட்டாள்.

"உங்க பேரு என்னண்ணே?"

"கார்த்திகேசு. ஜெஞ்சாரோம்லேருந்து வர்றேன்" என்றார் அவர். "வாசல்ல நிக்கிற சிஸ்டர்தானே நீங்க? ஒரு மாசமா காணோமேன்னு நெனச்சேன்."

"ஒடம்பு சரியில்லண்ணே. நீங்க எவ்வளவு நாளா வர்றீங்க?"

"ரெண்டு வருசம் ஆச்சு. நீங்கதான் மொதல்ல பேரு கேக்குறீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவர் குறையாகச் சொல்லியிருந்தால்கூட புனிதாவுக்கு இவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது.

திருவிருந்துக்கு அழைப்பு வந்தது. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். கார்த்திகேசு இன்னும் ஞானஸ்நானம் எடுக்காதவர், அதனால் உட்கார்ந்திருந்தார். புனிதாவும் எழவில்லை. ஒருவர்மேல் மனத்தாங்கலை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைத் தொடக்கூடாது என்று சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்தவள். ஒன்பது வருடம் மனசாட்சி உறுத்தாமல் எடுத்தாள், அன்றைக்கு எழ முடியவில்லை. வழக்கமாக எடுக்கிற ஒருத்தி எழாமல் இருந்தால் அந்தச் சபையில் கழுத்துகள் திரும்பும். திரும்பின. வாய் கோணிப்போனதால் எழவில்லை என்று சிலர் நினைத்திருப்பார்கள். வரிசையில் போய்க்கொண்டிருந்த அமுதவள்ளி மட்டும் அவளைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பின்னால் வந்தவள் இடித்த பிறகுதான் நகர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வாடகைக் கார் பிடித்துப் பண்டமாரான் போனாள் புனிதா. போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை. கடையில் எந்த வாடிக்கையாளரிடமும் இப்படி ஒத்திகை பார்த்ததில்லை. சிரிக்க முடிந்திருந்தால் இன்றைக்கும் வேலை சுலபம். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணி" என்று ஒரு சிரிப்பைக் கொடுத்து, ஒரு டீ குடித்துவிட்டு, எதையும் தொடாமல் திரும்பிவிடலாம்.

அமுதவள்ளி கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு, மடியில் தட்டு வைத்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். புனிதாவைப் பார்த்ததும் எழுந்து வந்து கேட்டைத் திறந்தாள்.

"வா" என்றாள்.

ஒன்பது வருடத்தில் ஸ்தோத்திரம் இல்லாமல் அவர்களுக்குள் வந்த முதல் சொல் அது.

புனிதா முகக்கவசத்தைக் கழற்றினாள். அமுதவள்ளி பார்த்தாள். ஐயோ என்றோ இயேசப்பா என்றோ சொல்லவில்லை. "சாப்புட முடியுதா?" என்று கேட்டாள்.

"ஒரு பக்கமாத்தான் அண்ணி. தண்ணி ஒழுகும்."

"ஸ்ட்ரோ போட்டுக் குடி" என்று சொல்லிவிட்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

புனிதா உட்கார்ந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. உதடு ஒத்துழைக்காமல் வார்த்தைகள் குழறின. ஆனாலும் சொன்னாள். "அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு இன்னும் வலிக்குது அண்ணி. ஒரு நாளும் ஆறல. அது ஆறாம வச்சுக்கிட்டே உங்களப் பாத்து வாராவாரம் சிரிச்சேன். உங்களுக்கு எரியணும்னுதான் சிரிச்சேன். எனக்கே அது தெரியல. இந்த மூஞ்சி போனப்புறம்தான் தெரிஞ்சுது."

அமுதவள்ளி ஒரு பீன்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நறுக்காமல் இருந்தாள்.

"நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

"விழணும்னுதானே சொன்னீங்க."

"ஆமா" என்றாள் அமுதவள்ளி. கையிலிருந்த பீன்ஸைத் தட்டில் போட்டாள். "அவன நான் தூக்கி வளத்தவ. அவன் பொட்டியில கெடக்குறான், எல்லாரும் வந்து உன் கையப் புடிக்கிறாங்க, உன்னைத்தான் கேக்குறாங்க. அக்கான்னு ஒருத்தி இருக்கான்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. யாரையாவது கடிக்கணும்போல இருந்துச்சு. நீ எதிர்ல நின்ன."

இதைப் புனிதா நினைத்துப் பார்த்ததே இல்லை.

"மறுவாரமே உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன்" என்றாள் அமுதவள்ளி. "வீட்டுலேருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். படியேறுறேன், நீ வாசல்ல நின்னு அப்படிச் சிரிக்கிற. சரி, இவளுக்கு ஒண்ணும் இல்லபோல, நாம ஏன் போய்க் கிளறணும்னு உள்ள போயிட்டேன். அடுத்த வாரமும் அதே சிரிப்பு. பூட்டின கேட்டு மாதிரி இருந்துச்சு புனிதா. எங்க தட்டுறதுன்னே தெரியல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அதத் தாண்டித்தான் நான் உள்ள போனேன்."

ஒன்பது வருடமாகப் புனிதா காத்திருந்தது எதுவோ, அது முதல் வாரமே படியேறி வந்திருக்கிறது. கைகூப்பி, தாள் கொடுத்து, சிரித்து அனுப்பிவிட்டவள் அவளேதான். ஊர் மெச்சிய அந்த முகத்தால் தன் சொந்த மனிதர் ஒருவரை வெளியிலேயே நிறுத்திவைத்திருந்தாள். மகன் தூரத்தில் இருக்க, ராஜனைப் பற்றிச் சேர்ந்து உட்கார்ந்து பேச அவளுக்கு இருந்த ஒரே ஆள். ராஜன் சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று கேட்கக்கூட வேறு யாரும் இல்லை.

"நான் அவருக்காக அழலன்னு நெனச்சீங்களா அண்ணி?"

"நான் பாத்ததில்ல. அதான் சொன்னேன்."

"அழுதேன் அண்ணி. கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். யாரும் பாக்கக்கூடாதுன்னு மூஞ்சியக் கழுவிக்கிட்டுத்தான் வெளிய வருவேன்."

"என் முன்னால அழுதிருக்கலாமே" என்றாள் அமுதவள்ளி. அவள் குரல் உடைந்தது. "நானும் தனியாத்தான அழுதேன்."

தெருவில் ஒரு கண்டெய்னர் லோரி போனது, வீட்டு ஜன்னல் அதிர்ந்து அடங்கியது. அமுதவள்ளி தட்டைக் கீழே வைத்தாள். புனிதாவின் வலது கன்னத்தில் தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"போதும் விடு. கேட்டத் தொறந்ததுலேருந்து பாக்குறேன், அழுதுக்கிட்டே இருக்க."

புனிதா கையை எடுத்து வலது கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். மூட முடியாத அந்தக் கண் காற்றுப் பட்டாலே ஒழுகும். பல நாளாக அப்படித்தான், கார் ஓட்டி வந்தவர்கூட என்னவோ துக்கம் என்று நினைத்து ரேடியோவை அணைத்துவிட்டார்.

"இது நோய்த் தண்ணி அண்ணி. அதுபாட்டுக்கு வரும்" என்றாள். பிறகு இடது கண்ணைக் காட்டினாள். "அழுறது இந்தக் கண்ணுதான்."

அமுதவள்ளி குனிந்து அருகில் வந்து பார்த்தாள். ஆமாம், அந்தக் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலில் இடது கண்ணைத் துடைத்தாள். பிறகு, நோய்த் தண்ணி என்று தெரிந்தும், வலது கண்ணையும் துடைத்துவிட்டாள்.